வேண்டாம்னு சொல்றதுக்கு ஒன்னே முக்கால் லட்சம்

அதென்னுங்க கையில, சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு? வீட்டுப் பிளானுங்களா? நெனச்சேன். பஸ் ஏறும்போதே பாத்தேனுங்க, பச்சைக் குழந்தையத் தூக்கற மாதிரி அணைச்சுப் புடிச்சுட்டு ஏறுனீங்க. புதுசா வீடு கட்டறவங்க எல்லாரும் அப்படித்தான். வாங்க, இப்படி உக்காருங்க. அந்தப் பையை என்ற கால்மாட்டுல வெச்சுக்கலாம்.

கட்டடம் முடிஞ்சுதுங்களா? பூச்சு வேலை நடக்குதா? செரி. உள்வேலைக்கு ஆள் பாத்தாச்சா? அதானுங்க, இன்டீரியர் டிசைனர்ங்கறாங்களே, அந்தக் கூட்டம். இனிமேத்தானா? அப்பாடா. நல்லவேளை, என்ற பக்கத்துல வந்து உக்காந்தீங்க. கோயமுத்தூர் போய்ச் சேர ஒண்ணரை மணி நேரம் ஆகும். அதுக்குள்ள அந்தக் கூட்டத்தோட வண்டவாளத்தையெல்லாம் சொல்லிப்போடறேன். கேட்டுட்டு அப்புறம் உங்க இஷ்டம்.

என்ற பேரு மருதாசலமுங்க. திருப்பூர்ல நூல் புரோக்கர். மில்லுக்காரனுக்கும் பனியன் கம்பெனிக்காரனுக்கும் நடுவால நிக்கற ஆளு. முப்பத்தெட்டு வருசம். மில்லுக்காரன் ஒரு கமிஷன் குடுப்பான், கம்பெனிக்காரன் ஒரு கமிஷன் குடுப்பான். இவன் குடுக்கறது அவனுக்குத் தெரியாது, அவன் குடுக்கறது இவனுக்குத் தெரியாது. யாருக்கும் நஷ்டமில்லை. மார்க்கெட்ல என்ற பேரைச் சொல்லிப் பாருங்க, நாணயஸ்தன்னு சொல்லுவாங்க.

வீட்டுக்கு எதுக்கு உள்வேலைன்னு கேப்பீங்க. பழைய வீடு, இருவது வருசமாச்சு, நான் பாட்டுக்கு இருந்திருப்பேன். ரெண்டு வருசம் முன்னால எங்கூட்டுக்காரிக்கு, தனபாக்கியம்னு பேரு, வலப்பக்கம் வாதம் வந்துருச்சுங்க. ஆறு மாசம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைஞ்சு ஒருவழியா நடக்க வெச்சுட்டோம். ஆனா வலது கை வரலை. இருக்கற ஒரு கையில ஊனுகோல். சமையலுக்கு மாராத்தாள்னு ஒரு அம்மாவை வெச்சேன், மாசம் பன்னெண்டாயிரம் சம்பளம். எந்தப் புருசன் வெப்பான் சொல்லுங்க? ஆனா இவளுக்கு அது ஆகலை. "ஏனுங்க, எனக்கு நகை வேண்டாம் நட்டு வேண்டாம். என்ற கையால ஒரு ரசம் வெச்சு எறக்கோணும். எனக்குத் தோதா அந்த அடுப்படியை மட்டும் மாத்திக் குடுங்க"ன்னு தெனமும் இதே பாட்டு. கேட்டுக் கேட்டுச் சலிச்சுப் போச்சு. செரி, மாத்தறதே மாத்தறோம், வீடு பூராவும் மாத்திப்போடலாம்னு நான்தான் முடிவு பண்ணேன். ஒறம்பரைக, சொந்தக்காரங்க வந்தா வாயப் பொளந்துட்டுப் பாக்கோணுமில்லீங்களா?

தனபாக்கியத்துக்குக் கை கால் பயிற்சி குடுக்க ஒரு பிசியோதெரபி தம்பி வரும். அது சொல்லுச்சு, கோயமுத்தூர்ல நிரஞ்சனான்னு ஒரு பொண்ணு இருக்குது, நல்லாப் பண்ணும்னு. வரச் சொன்னேன். ஒரு நாள் காலையில வந்து எறங்கறா. கார் இல்லை, ஏசி இல்லை, பஸ்ல வந்து ஆட்டோவுல வந்தாளாம். முப்பது வயசு இருக்கும். காட்டன் சுடிதார், தோள்ல ஒரு பை, கையில ஒரு டேப்பு. அப்பவே நெனச்சேன், இது பெரிய எடத்து வேலைக்கு ஆகாதுன்னு.

வந்தவ என்ன பண்ணோணும்? என்னையக் கேக்கோணும். வீடு யாரு பேர்ல? காசு குடுக்கறது யாரு? நான் ஹாலைக் காட்டலாம்னு எந்திரிச்சா, "இருக்கட்டுமுங்கய்யா, மொதல்ல அம்மாவைப் பாத்துடறேன்"னுட்டு நேரா அடுப்படிக்குப் போயிட்டா. மூணு மணி நேரம்! மூணு மணி நேரம் என்ன பண்ணாங்கறீங்க? எங்கூட்டுக்காரியக் காபி போடச் சொன்னா. நோயாளிங்க அவ. ஊனுகோலைச் சுவத்துல சாய்ச்சு வெச்சுட்டு, இடுப்பை மேடைல முட்டுக் குடுத்துட்டு, ஒத்தைக் கையால பால் பாத்திரத்தை எடுக்கறா, பாதி மேடைல ஊத்துது. இந்தப் பொண்ணு உதவிக்குப் போகாம நின்னு பாத்துட்டு, நோட்டுல எழுதறா. மாராத்தாளைப் போயி உதவுன்னு சொன்னேன். "வேண்டாங்க, அம்மா போடட்டும்"ங்கறா. என்ற வீட்டுல என்னைய வேண்டாங்கறா!

அப்புறம் நாற்காலில உக்கார வெச்சு, தரைக்கும் முழங்கைக்கும் எவ்வளவுன்னு டேப்பு வெச்சு அளக்கறா. கை எவ்வளவு தூரம் நீளும், குனிஞ்சா எது எட்டும், எது எட்டாதுன்னு ஒண்ணொண்ணா. தையல்காரன் சட்டைக்கு அளவெடுக்கற மாதிரி. காலைல மொதல்ல எந்தப் பாத்திரத்தை எடுப்பீங்க, எந்தப் பாத்திரத்தை ஒரு வருசமாத் தொடலைன்னு கேக்கறா. அதுக்கு எங்கூட்டுக்காரி என்னமோ சொல்லிச் சிரிக்கறா. வாதம் வந்ததுலருந்து சிரிக்காதவ. ஹால்ல உக்காந்துட்டு எனக்குக் கேக்குது. அளவெடுக்கற எடத்துல என்ன சிரிப்பு வேண்டிக் கெடக்குதுன்னு நெனச்சேன். அப்புறம் வந்து என்னையும் கேட்டா, "ஐயா, நீங்க எங்க உக்காந்து சாப்புடுவீங்க?"ன்னு. எங்க உக்காந்தா உனக்கென்னம்மா, நீ படத்தை வரைன்னுட்டேன்.

நாலு நாள் கழிச்சு ஒரு காகிதத்தோட வந்தா. என்னென்ன எழுதியிருந்தான்னு சொல்றேன், கேளுங்க. ஹால்ல நான் சொன்ன ஷோகேஸ், வேண்டாம். நடக்கறதுக்கு எடம் வேணுமாம். மேல அலங்காரச் சீலிங், வேண்டாம். உசரம் கொறையுமாம். அடுப்படில மேல்வாக்குல அலமாரி, வேண்டாம். அம்மாவுக்கு எட்டாதாம். கெழக்குச் சன்னலை அப்படியே உடோணுமாம். காலைல வெளிச்சம் அங்கதான் வருதாம். அதையெல்லாம் தாண்டிக் கடைசி வரில என்ன எழுதியிருக்குது? அவளோட பீஸ், ஒரு லட்சத்தி எழுவத்தி அஞ்சாயிரம். போக, மொத தடவை வந்து பாத்ததுக்கு அஞ்சாயிரம். அதையப் பின்னால கழிச்சுக்குவாளாம்.

"ஏம்மா, எல்லாத்தையும் வேண்டாம்னு எழுதிக்கிட்டு வந்திருக்கறே, வேண்டாம்னு சொல்றதுக்கு ஒன்னே முக்கால் லட்சமா?"ன்னு கேட்டேன். கொஞ்சங்கூடக் கூசலை அவளுக்கு. "ஆமாங்கய்யா, அதுக்கும் சேத்துத்தான்"ங்கறா.

அப்புறம் எனக்குப் பாடம் நடத்தறா. இந்தத் தொழில்ல பீஸ் வாங்கறதுல நாலு விதமாமுங்க. சிலபேரு மொத்தச் செலவுல நூத்துக்கு இவ்வளவுன்னு வாங்குவாங்க. சிலபேரு சதுர அடிக்கு இவ்வளவுன்னு. சிலபேரு பீஸே வேண்டாம்பாங்க, கடைக்காரன்கிட்டக் கமிஷனா எடுத்துக்குவாங்க. இவ மொத்தமா ஒரே தொகை. வேலை ஏறுனாலும் அதே, எறங்குனாலும் அதே. சாமான் பில்லெல்லாம் நேரா என்ற பேருக்கே வருமாம், நடுவுல ஒரு பைசா தொட மாட்டாளாம். "எல்லாரும் நூத்துக்குப் பத்து வாங்கறப்ப நீ மட்டும் ஏம்மா இப்படி?"ன்னேன். அதுக்குச் சொல்றா, "செலவுல பங்கு வாங்குனா, உங்களுக்குச் செலவு ஏறோணும்னு எனக்கு ஆசை வந்துரும்ங்கய்யா"ன்னு.

ஆசை வரட்டுமே! ஆசையில்லாத ஆளு எப்படிங்க வேலை செய்வான்? நீங்களே சொல்லுங்க. முப்பத்தெட்டு வருசமா நான் மார்க்கெட்ல இருக்கறேன். கமிஷன் வாங்காத ஒரே ஒரு ஆளைப் பாத்ததில்லை. ஒருத்தன் கமிஷன் வேண்டாம்னா, அவன் அதைவிடப் பெருசா எங்கயோ அடிக்கறான்னு அர்த்தம். இது எனக்குத் தெரிஞ்ச சமாச்சாரம். அதுலயும் என்ன பண்றாளாம்? ஒரு ஆணி அடிக்கறாளா? ஒரு பலகை தூக்கறாளா? சும்மா வந்து பாத்துப் பேசி எழுதிட்டுப் போறதுக்கு லட்சக் கணக்கா? நானும் இத்தனை வருசத்துல ஒரு கோன் நூலைக் கையில தூக்குனதில்லை. அது வேறங்க. எனக்கு அனுபவம் இருக்குது.

மொத தடவை வந்ததுக்கு அஞ்சாயிரம் கேட்டாளில்ல? பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் வெச்சுக்கம்மான்னு ஐநூறு ரூவா எடுத்துக் குடுத்தேன். சிரிச்சுக்கிட்டே வாங்குனா. அவ போனப்புறம் பாத்தா, காபி குடிச்ச டம்ளருக்கு அடியில அந்த ஐநூறு ரூவா மடிச்சு வெச்சிருக்குது. திமிரைப் பாத்தீங்களா?

சும்மா உடுவனா? பிளைவுட் கடை வெச்சிருக்கற செல்லமுத்து எனக்குத் தெரிஞ்சவன். போயிக் கேட்டேன், இந்தப் பொண்ணு உன்றகிட்ட எவ்வளவு சாப்புடறா, உள்ளதைச் சொல்லுன்னு. "அட போங்ணா, கமிஷனைத் தந்தா அதையப் பில்லுலயே கழிச்சு வீட்டுக்காரருக்குக் குடுத்துருங்கன்னு சொல்லிப்போடும் அந்தப் பொண்ணு"ங்கறான். இவனையும் கைக்குள்ள போட்டுட்டான்னு தெரிஞ்சு போச்சு. அன்னியோட அவளை நான் தலை முழுகிட்டேன்.

என்னுங்க, அவிநாசி வந்துருச்சா? கூட்டம் ஏறுது, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. டீ வேணுங்களா? வேண்டாமா? செரி.

அப்பத்தான் ஜெகதீசன் கெடைச்சான். அவனும் டிசைனர்தான், ஆனா பொழைக்கத் தெரிஞ்சவன். ரோட்டு மேலயே ஷோரூம். கதவைத் தொறந்தா செண்டு வாசம். உக்காந்தா உள்ள போற சோபா. நான் உக்காந்த ஒடனே, "அண்ணா, டிசைன் ஃப்ரீங்ணா, உங்ககிட்டப் போயிப் பீஸ் வாங்குவனா?"ன்னான். டிவில என்ற வீட்டையே சினிமாவாட்டம் ஓட்டிக் காட்டறான். சதுர அடிக்கு ஆயிரத்தி எண்ணூறு, முடிஞ்சுது. அவன் பலகையில எவ்வளவு சாப்புடுவான், கீல்ல எவ்வளவு சாப்புடுவான், எனக்குத் தெரியாதுங்களா? நல்லாத் தெரியும். சாப்புடட்டும். எங்க கை வெக்கறான்னு தெரிஞ்ச ஆளோட வேலை செய்யறது எனக்கு நிம்மதி. என்ற இனமுங்க அவன்.

எங்கூட்டுக்காரி ஒரே ஒரு தடவை சொன்னா. "ஏனுங்க, அந்தப் பொண்ணே செய்யட்டுமுங்க. அது என்ற கையைப் புடிச்சுப் பாத்துச்சு"ன்னா. கையைப் புடிச்சுப் பாக்கறதுக்கு டாக்டர் இருக்கறான், உனக்கு வெவகாரம் தெரியாது, பேசாம இருன்னேன். அதுக்கப்புறம் அந்தப் பேச்சே எடுக்கலை. அவகிட்ட ஒரு நல்ல கொணம், ஒரு தடவை அதட்டிட்டா அப்புறம் எதையும் கேக்க மாட்டா.

நாலு மாசம். பதினாலு லட்சம். ஆனா ஒண்ணு சொல்லோணும், வேலை பாத்தீங்கன்னா அப்படியொரு வேலை. சுவரு எங்க இருக்குதுன்னே தெரியாது, தரையிலருந்து மோட்டுவளை வரைக்கும் அலமாரிதான். சதுர அடிக் கணக்கில்லீங்களா, ஒரு எடம் உடலை அவன். கெழக்குச் சன்னல் இருந்த எடத்துல கூட அலமாரி. சீலிங்ல பதினாலு லைட்டு. அடுப்படில எந்தக் கதவுக்கும் கைப்பிடியே கெடையாது. கண்ணாடியாட்டம் இருக்கும். உள்ளங்கையால ஒரு அழுத்து அழுத்துனா டப்புன்னு தொறந்துக்கும். ஃபாரின்ல எல்லாம் இப்ப அதுதானாம்.

புதுசா அடுப்படி போட்டா பால் காய்ச்சோணுமில்லீங்களா? நல்ல நாள் பாத்து ஒறம்பரைகளையெல்லாம் கூப்புட்டேன். நாப்பது பேரு. என்ற தங்கச்சி, மச்சினன், ஜின்னிங் பேக்டரிக்காரங்க, ஜெகதீசன், எல்லாரும் அடுப்படி வாசல்ல நிக்கறாங்க. தனபாக்கியம் புதுப் பட்டு கட்டிட்டு வந்தா. மொகத்தப் பாக்கோணுமே, கல்யாணப் பொண்ணாட்டம். தன் கையாலதான் காய்ச்சுவேன்னு சொல்லிட்டா. மாராத்தாள் பால் சட்டியக் கொண்டாந்து மேடை ஓரத்துல வெச்சுட்டு ஒதுங்கிட்டா. இவளுக்குச் சக்கரை எடுக்கோணும். சக்கரை கீழ் அலமாரில இருக்குது. கதவை அழுத்தறதுக்குக் கை வேணுமில்ல? ஊனுகோலை உட்டாத்தான் கை. உட்டா. அழுத்துனா. கதவு டப்புன்னு வந்து முட்டியில இடிச்சுது. ஆடிப்போயி மேடையப் புடிக்கப் போனா, பால் சட்டி மேல கை பட்டு அத்தனை பாலும் கீழ. புதுப் பட்டு மேல, தரை மேல, எல்லாம் பால்.

இப்படி ஆகிப்போச்சேன்னு வீட்டுக்கு வந்தவங்க சங்கடப்படக் கூடாதில்லீங்களா? நான் ஒரு தமாசு பண்ணேன். "பதினாலு லட்சத்துல அடுப்படி போட்டுக் குடுத்தாலும் பால் காய்ச்சத் துப்பில்லையே!"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. ஜெகதீசனும் சிரிச்சான். அவளும் சிரிச்சான்னுதான் நெனைக்கறேன். குனிஞ்சு ஊனுகோலைத் தேடிட்டிருந்தா, மொகம் தெரியலை. அப்புறம் மாராத்தாள் வேற பால் வெச்சுக் காய்ச்சுனா. நல்லாப் பொங்குச்சு. சாப்பாடு பிரமாதம். எல்லாரும் வீட்டப் பாத்து அசந்துட்டுத்தான் போனாங்க.

அன்னைக்கு அவகிட்டத் தனியாவும் சொன்னேனுங்க, நல்ல விதமாத்தான். உனக்கு எதுக்கு இந்த வேலையெல்லாம், ராணியாட்டம் உக்காந்து சாப்புடு, உக்காந்து சாப்புடறது கசக்குதான்னு கேட்டேன்.

மூணாம் நாள் சாயங்காலம் மார்க்கெட்லருந்து வர்றேன், வாசல்ல ஒரு ஜோடி செருப்பு. பின்னால போயிப் பாத்தா, நிரஞ்சனா! எங்க வீட்டுப் பின்னால ஒரு ரூம் இருக்குதுங்க, பத்துக்குப் பன்னெண்டு, நூல் சாம்பிள் போட்டு வெக்கற ரூமு. அதுல டேப்ப வெச்சு அளந்துட்டிருக்கறா. யாரு கூப்புட்டதுன்னா, "நான்தானுங்க"ங்கறா எங்கூட்டுக்காரி. அந்த ரூம்ல அவளுக்குன்னு ஒரு சின்ன அடுப்படியாம். காசு அவ காசு. அவ அப்பன் அவ பேர்ல எழுதி வெச்ச லைன் வீடு அஞ்சாறு இருக்குது, வாடகைய இதுவரைக்கும் தொட்டதில்லை.

"பீஸ் எவ்வளவு கேட்டா?"ன்னேன். "நாப்பதாயிரம்"னா. பத்துக்குப் பன்னெண்டு ரூமுக்கு நாப்பதாயிரம்! வேலைக்குத் தனி, இது அவ வந்து பேசிட்டுப் போறதுக்கு. போக, நான் குடுக்காம உட்ட பழைய பாக்கி அஞ்சாயிரத்தையும் இவளே எடுத்து நீட்டியிருக்கறா. அந்தப் பொண்ணு அதைய மட்டும் வாங்கலையாம், அது ஐயா குடுக்க வேண்டியதுன்னுட்டாளாம். எனக்கு வந்துதே கோவம். "அடியே, பேரம் பேசவாச்சும் செஞ்சியா? முப்பத்தெட்டு வருசமா ஒரு புரோக்கரோட குடும்பம் நடத்தறே, இதுகூடவா தெரியலை?"ன்னு கத்துனேன்.

அவ என்ன சொன்னாங்கறீங்க? கத்தலை. மெதுவாத்தான் சொன்னா. "முப்பத்தெட்டு வருசத்துல எனக்கு எது எட்டும், எது எட்டாதுன்னு கேட்ட மொத ஆளு அவதானுங்க. அதுக்கு நாப்பதாயிரம் கம்மி"ன்னா.

சொல்லிக் குடுத்த பேச்சுங்க அது, தானா வராது. இந்த டிசைனர்கள்ல இது ஒரு ரகம், பொம்பளைங்க மனசக் கலைச்சுக் காசு பாக்கறது.

வேலை முடிய இருவது நாளுதான் ஆச்சு. பாத்தா ஒண்ணுமே இல்லீங்க அதுல. நாற்காலில உக்காந்தா முழங்கை ஒசரத்துக்கு ஒரு மேடை. மேல அலமாரி கெடையாது. பெரிய பெரிய கைப்பிடி, கட்டை வெரல் மாட்டி இழுத்தாப் போதும். மேடையில பாத்திரம் நகராம இருக்க ஒரு பள்ளம். ஊனுகோல் மாட்ட ஒரு கொக்கி. ஆமாங்க, கொக்கி! எட்டு ரூவா இருக்கும். அப்புறம் கெழக்க ஒரு சன்னல். இதுக்கா நாப்பதாயிரம்? வர்றவங்களுக்குக் காட்டறதுக்கு ஒண்ணுமே இல்லை அந்த ரூம்ல.

ஆனா காலைல ஏழு மணிக்கு அங்கிருந்து ரச வாசம் வருதுங்க. அவ பக்குவம் அது. மொளகு தூக்கலா, பூண்ட நசுக்கிப் போட்டு. ரெண்டு வருசமாச்சு அந்த வாசம் புடிச்சு. மொத நாள் படிச்சுட்டிருந்த பேப்பரை மடிச்சு வெச்சுட்டேன். கூப்புடுவான்னு ஹால்லயே உக்காந்திருந்தேன். மாராத்தாள்தான் வந்தா, கையில டிபன் கேரியரோட. "அம்மா குடுத்துடச் சொன்னாங்க"ன்னு டைனிங் டேபிள்ல வெச்சுட்டுப் போயிட்டா. இன்னை வரைக்கும் அதேதான். கொறை சொல்லக் கூடாது, நேரம் தவறாது, ருசி தவறாது. நான் அந்தப் பதினாலு லைட்டுக்குக் கீழ எட்டு பேரு உக்கார்ற டேபிள்ல ஒத்தையா உக்காந்து சாப்புடறேன். அவ அங்க அடுப்படிலயே மேடைக்கு முன்னால உக்காந்து சாப்புடறா.

ஒரு நாள் தட்டையே தூக்கிட்டு அங்க போயிட்டேனுங்க. என்ற வீட்டுல நான் எங்க வேணா போவேன். போயிப் பாத்தா, ஒரே ஒரு நாற்காலி. அவ உக்காந்திருக்கறா. நான் நிக்கறேன். "என்னுங்க, உப்பு வேணுங்களா?"ன்னா. "இல்லை"ன்னேன். செத்த நேரம் நின்னுட்டு வந்துட்டேன்.

எனக்கு அப்பவே பிடிபட்டுப் போச்சு. ஒரு நாற்காலியை அந்தப் பொண்ணு அமுக்கிட்டா! ரெண்டு பேரு இருக்கற வீட்டுக்கு ஒத்தை நாற்காலி போடுவாளா எவளாச்சும்? மொத்தமா ஒரே தொகைன்னாளில்ல, அப்ப நாற்காலிய மிச்சம் புடிச்சிருக்கறா. கையும் களவுமாப் புடிக்கலாம்னு நேரா ஆசாரியோட பட்டறைக்குப் போனேன், அவகூட வேலை செஞ்ச ஆசாரி. "அந்தப் பொண்ணு குடுத்த படத்தை எடுய்யா"ன்னேன். எடுத்துக் குடுத்தான்.

படத்துல ரெண்டு நாற்காலி இருக்குதுங்க. ஒண்ணு அவளுது. எதுத்தாப்புல, சன்னல் பக்கமா இன்னொண்ணு. அதுக்குக் கீழ பொடி எழுத்துல, "ஐயாவுக்கு. கை வெச்ச நாற்காலி, முட்டி வலி இருப்பதால் உயரம் இரண்டு அங்குலம் கூடுதல்"னு எழுதியிருக்குது. எனக்கு முட்டி வலி இருக்கறது இவளுக்கெப்படித் தெரியும்? நான் சொல்லவே இல்லை. அன்னைக்கு ஹால்ல எந்திரிக்கும்போது பாத்திருப்பா போலிருக்குது.

அந்த நாற்காலி மேல செவப்பு மையில ஒரு கோடு. பக்கத்துல கோணல்மாணலா, ஒண்ணாங்கிளாஸ் குழந்தை எழுதுன மாதிரி, வேண்டாம்னு எழுதியிருக்குது. எந்தக் குழந்தைய்யா கிறுக்குச்சு இதுலன்னு கேட்டேன். "குழந்தை இல்லீங்க, அம்மா எழுதுனது. எடது கையில எழுதப் பழகறாங்களாமில்ல? அந்தப் பொண்ணு எவ்வளவோ சொல்லிப் பாத்துச்சுங்க, இருந்துட்டுப் போகட்டும்மான்னு. அம்மா கேக்கலை"ன்னான் ஆசாரி.

தண்ணி இருக்குதுங்களா உங்ககிட்ட? ஒரு வாய் குடுங்க. புழுதி, தொண்டையெல்லாம் காஞ்சு போச்சு.

ஆனா பாருங்க, இவங்க தொழிலு எப்படிப்பட்டதுன்னு. நாற்காலி ஒண்ணு கொறைஞ்சுதில்ல? பீஸ்ல ஒரு ரூவா கொறைச்சாளா? கொறைக்கலை! ரெண்டு நாற்காலிக்கும் நாப்பதாயிரம், ஒரு நாற்காலிக்கும் நாப்பதாயிரம். நான் சொன்னா நம்ப மாட்டீங்க, அதான் முழுசாச் சொன்னேன்.

நேத்து போன் பண்ணேன் அவளுக்கு. நான்தான் மருதாசலம் பேசறேன், அந்த ரெண்டாவது நாற்காலியப் போட்டுக் குடுக்கோணும், அதுக்குத் தனியா உன்ற பீஸ் எவ்வளவு சொல்லுன்னேன். அவ என்ன சொன்னாத் தெரியுங்களா? "அதுக்குப் பீஸெல்லாம் இல்லீங்கய்யா. படம் இருக்குது, ஆசாரி ஒரே நாள்ல செஞ்சுருவாரு. அம்மா ஒரு வார்த்தை சொல்லட்டும், போட்டுறலாம்"ங்கறா.

அம்மா சொல்லோணுமாம். வேண்டாம்னு சொல்றதுக்கெல்லாம் லட்சக் கணக்குல கேட்டவ, வேணும்னு நான் கேக்கறப்பக் காசு வேண்டாங்கறா. இதுல எங்கியோ இடிக்குதுங்க. நான் பாக்காத வியாபாரமா? போன்ல அப்படித்தான் பிகு பண்ணுவாங்க. நேர்ல போயி உக்காந்து கேட்டா ஒரு ரேட்டு சொல்லித்தானே ஆகோணும்? அதான் கெளம்பிட்டேன். பாருங்க, இந்தக் கவர்ல அந்தப் பழைய பாக்கி அஞ்சாயிரம். இது தனி. நாற்காலிக்குன்னு இந்தப் பையில கொண்டாந்திருக்கறேன். எவ்வளவுன்னு கேக்காதீங்க. அவ கேக்கற அளவுக்கு இருக்குது. பேரம்கூடப் பேசப் போறதில்லை.

எங்கூட்டுக்காரிகிட்டயா? அவகிட்ட என்னத்தைங்க போயிக் கேக்கறது? முப்பத்தெட்டு வருசத்துல நான் அவகிட்ட எதையும் கேட்டதில்லை. எப்படிக் கேக்கறதுன்னே தெரியாது.

ஹோப் காலேஜ் ஸ்டாப் வந்தா ஒரு சத்தம் குடுங்க, எறங்கோணும். அப்புறம் நீங்க அந்தப் பிளானைக் கொஞ்சம் விரிங்க பாக்கலாம். அடுப்படி எங்க வருது? அதுல நாற்காலி எத்தனை போட்டிருக்கறாங்க?